வங்கிக்கு ஒரு கைப்பேசி, மற்றதெல்லாம் நம் கையில்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் பாதுகாப்புத் திருத்தங்கள் இன்னும் ஓராண்டு வரும். விண்டோஸ் 11 ஏற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை சிப்பாவது வேண்டும். 2016, 2017 வாக்கில் வாங்கிய லேப்டாப்புகள் இதில் அடிபட்டுப் போய், திரையும் விசைப்பலகையும் நன்றாக இருந்தும், சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டு அலமாரிகளில் படுத்துக் கிடக்கின்றன. இயந்திரத்தில் ஒரு குறையும் கிடையாது. மென்பொருளை வைத்திருப்பவர் முடிவெடுத்தார், பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் கட்டுப்பட்டார்.

1983இல் அமெரிக்க நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனூ திட்டத்தை அறிவித்ததிலிருந்து கட்டற்ற மென்பொருள் இயக்கம் கேட்டு வருவது இந்த ஒரு கேள்வியைத்தான்: கருவி யார் பேச்சைக் கேட்க வேண்டும்? எந்த வேலைக்கும் ஓட்டலாம், உள்ளே இருப்பதைப் படித்து மாற்றலாம், படியெடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், மாற்றிய படியையும் கொடுக்கலாம். இந்த நான்கு உரிமையும் சேர்ந்திருந்தால்தான் அது கட்டற்றது. ஆங்கிலத்தில் விலைக்கும் விடுதலைக்கும் ஒரே சொல் என்பதால் அவர்கள் ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் வேறு, கட்டற்றது வேறு. காசு வாங்காமல் நுழைந்து நம் தொடர்புப் பட்டியலை அள்ளிக்கொண்டு போகும் செயலி இலவசம்தான், கட்டற்றது ஆகாது.

சிங்கப்பூரில் இதைக் கடைப்பிடிப்பதில் ஒரு முடிச்சு இருக்கிறது. சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம், வங்கிச் செயலி, பேநவ் பணப் பரிமாற்றம் இல்லாமல் மத்திய சேமநிதிக் கணக்கைப் பார்ப்பதும் பணம் அனுப்புவதும் பெரும்பாடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப் போடச் சொல்லும் அறிவுரை மூன்றாவது வாரத்தில் தோற்றுவிடும், பிறகு அந்த மனிதர் இந்தப் பக்கமே வரமாட்டார். இங்கே சொல்லப்போகும் வழி வேறு. அந்த இரண்டு மூன்று செயலிகளுக்கு ஒரு கைப்பேசியை ஒதுக்கி வேலி போடுங்கள். அவற்றுக்காக வீட்டிலுள்ள மற்ற கருவிகளின் சாவியையும் கொடுத்துவிடாதீர்கள். அலமாரியில் கிடக்கும் லேப்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தை ஏற்றுவோம், இரண்டாவது கைப்பேசியில் கட்டற்ற செயலிகளைப் போடுவோம்.

லேப்டாப்பை முதலில் தொட்டுப் பாருங்கள்

மின்சாரத்தில் செருகுவதற்கு முன் மேசையில் தட்டையாக வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் ஒரு பக்கம் எழும்பி நிற்கிறதா, அடித்தட்டு விளிம்பில் பிளவு தெரிகிறதா? அப்படியானால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் ஏற்றக் கூடாது, குத்தி நெம்பவும் கூடாது. பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துப் பேட்டரியை அகற்றிவிட்டால், பெரும்பாலான பழைய மாடல்கள் நேரடி மின்சாரத்திலேயே ஓடும். நம் ஊர் வெக்கையில் இரண்டு மூன்று வருடம் அலமாரியில் கிடந்த பேட்டரிக்கு இது அடிக்கடி நேர்வதுதான்.

ரேம் 4 ஜிபி இருந்தால் ஓடும், 8 ஜிபி இருந்தால் நிம்மதியாக ஓடும். கூடுதல் ரேம் வாங்க சிம் லிம் ஸ்குவேர் கணினிக் கடைகளுக்குப் போகுமுன் பழைய ரேம் பட்டையைக் கழற்றி அதன் லேபிளைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 2015, 2016 வாக்கில் டிடிஆர்3எல் என்ற ரேம் வகையிலிருந்து டிடிஆர்4க்கு மாறினார்கள். ஒன்றின் இடத்தில் மற்றது உட்காராது. லேப்டாப்புக்கு எஸ்ஓ-டிம் என்ற சிறிய அளவு என்பதையும் கடையில் சொல்லுங்கள்.

உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், செலவழிக்கும் முதல் வெள்ளி, சுழலும் பாகமில்லாத வேகமான டிஸ்க்கான எஸ்எஸ்டிக்குப் போகட்டும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி போதும். இதில் இன்னொரு லாபமும் உண்டு. விண்டோஸ் இருக்கும் பழைய டிஸ்க்கை அப்படியே கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு, புதிய எஸ்எஸ்டியில் லினக்ஸ் போடலாம். ஒத்துவரவில்லை என்றால் நான்கு திருகைக் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கே திரும்பிவிடலாம். இரண்டு இயங்குதளத்தையும் ஒரே டிஸ்க்கில் பங்கு பிரித்து வைப்பதைவிட இது எவ்வளவோ மேல். பங்கு பிரித்து வைத்தால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் துவக்க வசதி டிஸ்க்கைப் பாதி பூட்டிய நிலையில் விட்டுப்போகும். லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் செய்யும், எழுத மறுக்கும்.

பிள்ளைகளின் பள்ளிக் கற்றல் சாதனத்தில் இதையெல்லாம் செய்ய வேண்டாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கருவியில் கல்வி அமைச்சின் நிர்வாகச் செயலி இருக்கிறது. இயங்குதளத்தை மாற்றினால் வகுப்பு வேலை நின்றுவிடும். ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகு அந்தச் செயலி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பெற்றோர் தெரிவுசெய்யலாம். படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களே அதிகம். கேட்டு வாங்கிப் படியுங்கள்.

எடுத்து வைக்க வேண்டியவை

படங்கள், ஆவணங்கள், உலாவியின் புக்மார்க்குகள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். நகலெடுத்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல் நகலே இல்லை. விண்டோஸின் டிஸ்க் மறையாக்கமான பிட்லாக்கர் போட்டிருந்தால் மீட்புச் சாவியின் 48 இலக்கங்களைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சிலருக்கு அது போட்டிருப்பதே தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தபோது தானாகவே இயங்கியிருக்கும், சாவி அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

தமிழில் பல வருடம் எழுதியவர்கள் ஒரு படி கூடுதலாகச் செய்ய வேண்டும். 2000க்கு முந்தைய கோப்புகள் பல ஒருங்குறியில் (யூனிகோடில்) இருக்காது. டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு குறியாக்கம், ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் புள்ளியும் கோடுமாகக் கொட்டும். எனவே விண்டோஸின் ஃபான்ட்ஸ் அடைவையும் முழுதாக நகலெடுங்கள். ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற நிரல்தொகுதியில் பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் உண்டு. ஒரு நிறுவனத்தின் எழுத்துருவுக்குள் நம் எழுத்து பூட்டப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தமிழர்கள் தொண்ணூறுகளிலேயே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். பொதுவான தரம் வந்த பிறகுதான் ஒருவர் எழுதியதை இன்னொருவர் எந்தக் கணினியிலும் படிக்க முடிந்தது.

யூஎஸ்பி தயாரித்தல்

லினக்ஸில் பல வகை உண்டு. முதன்முறை மாறுபவர்களுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் சின்னமன் பதிப்பைச் சொல்வோம். 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். விண்டோஸ் பழகிய கைக்கு மெனு அந்நியமாக இருக்காது. டெபியன் என்ற இன்னொரு வகை 1993இலிருந்து ஒரு சமூகத்தின் கையில் இருப்பது, கொள்கையளவில் அதன்மேல் மதிப்பு அதிகம். ஆனால் முதல் நாளிலேயே அதைக் கொடுத்து ஒருவரைத் திணறடிக்க வேண்டியதில்லை.

நிறுவுவதற்கு 8 ஜிபி யூஎஸ்பி ஒன்று போதும். அதில் இருப்பது முழுதும் அழியும். மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்குங்கள், சுமார் 3 ஜிபி. இறக்கியதைச் சரிபார்க்காமல் எழுதாதீர்கள். விண்டோஸில் செவன்-ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின்மேல் வலது சொடுக்கில் சிஆர்சி எஸ்ஹெச்ஏ என்ற வரி வரும். அதில் எஸ்ஹெச்ஏ-256ஐத் தேர்ந்தெடுத்தால் 64 எழுத்துள்ள ஒரு சரம் காட்டும். மின்ட் தளத்தில் அதே கோப்புக்குப் போட்டிருக்கும் சரத்தோடு ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பைத் தூக்கிப் போட்டு மீண்டும் இறக்குங்கள். இறக்கம் பாதியில் அறுந்த கோப்பு நிறுவலின் நடுவே விளங்காத பிழைகளைக் காட்டும். மக்கள் லேப்டாப்பைக் குறை சொல்வார்கள்.

அந்தக் கோப்பை யூஎஸ்பியில் எழுதுவதற்கு ரூஃபஸ் என்ற செயலி. கருவிப் பட்டியலில் கொள்ளளவைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வெளி டிஸ்க்கும் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிடுங்கள், எடுத்து வைத்த படங்களின் மேலேயே எழுதிவிடும் விபத்து இங்குதான் நடக்கிறது. பார்ட்டிஷன் வகை ஜிபிடி, இலக்கு யூஇஎஃப்ஐ. எழுதிய யூஎஸ்பி துவங்க மறுத்தால், மறுபடி எழுதும்போது ரூஃபஸ் கேட்கும் இடத்தில் டிடி முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, பிறகு நிறுவுங்கள்

லேப்டாப்பை அணைத்து யூஎஸ்பியைச் செருகி, மின் பொத்தானை அழுத்தியதும் துவக்கப் பட்டியல் விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் போய் அந்தப் பட்டியலை இயக்கிவிட வேண்டியிருக்கும்.

திரை வந்ததும் நிறுவ அவசரப்படாதீர்கள். யூஎஸ்பியிலிருந்தே முழுக் கணினியும் ஓடுகிறது, டிஸ்க்கை இன்னும் தொடவில்லை. வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வைஃபை தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சில்லு. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் உடனே வரும். அதை வைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்து தேவையான டிரைவரை இறக்கலாம். அந்த டிரைவர் கட்டற்றதல்ல, அதைத் தெரிந்துகொண்டே போடுகிறோம். அதுவும் வேண்டாம் என்பவர்கள் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லுள்ள சிறிய யூஎஸ்பி வைஃபை வாங்கலாம், அதன் உள்நிரலான ஃபர்ம்வேர்கூடக் கட்டற்றது. 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் பிடிக்கும் என்பதால், சுற்றிலும் நாற்பது ரவுட்டர்கள் இரையும் நம் அடுக்குமாடிகளில் வேகம் குறையும். இதுவரை வந்த யூஎஸ்பி வைஃபைகளில் முழு மனநிறைவோடு பரிந்துரைக்கக் கூடியது இதுதான்.

நிறுவும்போது டிஸ்க்கே தெரியவில்லை என்றால் பயாஸில் சாட்டா முறை ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்றிருக்கும், ஏஹெச்சிஐ ஆக்குங்கள். பழைய விண்டோஸ் அதே டிஸ்க்கில் இருந்தால் இந்த மாற்றத்துக்குப் பிறகு அது துவங்காமல் போகலாம். சரிபார்த்த இயங்குதளத்தை மட்டும் துவங்க விடும் செக்யூர் பூட் வசதியை அணைக்க வேண்டியதில்லை, மின்ட் அதோடு ஒத்துப்போகும். துவங்கவே மாட்டேன் என்றால் மட்டும் அணைத்துப் பாருங்கள்.

டிஸ்க்கை அழித்து நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்ததும் 'அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதைத் தவறவிடாதீர்கள். எல்விஎம்மைக் குறித்து, கீழே முழு டிஸ்க் மறையாக்கத்தையும் குறியுங்கள். எம்ஆர்டி ரயிலில் விட்டுவிட்டு இறங்கிய லேப்டாப்பைக் கண்டெடுத்தவர் டிஸ்க்கைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் வெறும் குப்பையைத்தான் பார்ப்பார். நிறுவி முடித்த பிறகு இதைச் சேர்ப்பது கடினம்; அதனால் இப்போதே.

அதற்கான கடவுச்சொற்றொடரை ஆறு சொற்களாக வைத்துக்கொள்ளுங்கள். 7,776 சொற்கள் கொண்ட டைஸ்வேர் பட்டியலில் பகடை உருட்டி எடுத்தால் ஊகிக்கும் கடினத்தின் அளவு சொல்லுக்குச் சுமார் 12.9 பிட், ஆறு சொல்லுக்கு 77 பிட் கிடைக்கும். திருக்குறளிலிருந்தோ பிடித்த பாட்டிலிருந்தோ எடுத்த வரி நீளமாக இருந்தாலும் ஊகிக்கக் கூடியது. இன்னொன்று: துவங்கும்போது அந்தச் சொற்றொடரைக் கேட்கும் திரையில் ஆங்கில விசைப்பலகை மட்டுமே இருக்கும். தமிழ் எழுத்தில் வைத்தால் உள்ளே நுழைய வழியிருக்காது. எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். மறந்தால் மீட்டுத் தர எந்த நிறுவனமும் இல்லை. அதுதான் மறையாக்கத்தின் பொருள்.

நிறுவியதும் அப்டேட் மேனேஜரை ஓட்டி, ஃபயர்வாலை இயக்கி, டைம்ஷிஃப்டை அமையுங்கள். டைம்ஷிஃப்ட் இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும், அவ்வளவே. உங்கள் படங்களைக் காப்பது அதன் வேலை கிடையாது. அதற்கு வெளி டிஸ்க்கும், மறையாக்கத்தோடு நகலெடுக்கும் தேஜா-டூப்பும் வேண்டும். அச்சு இயந்திரங்களைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை, வைஃபையில் உள்ளவை பெரும்பாலும் தானாகவே பட்டியலில் வந்துவிடும்.

தமிழ்த் தட்டச்சு

இதில்தான் பலர் பாதியில் விட்டுப்போகிறார்கள், அதனால் நிதானமாகப் பாருங்கள். கீபோர்டு அமைப்பில் தமிழ் என்று தேடினாலே, தரப்படுத்திய தமிழ் விசைப்பலகையான தமிழ்99இன் பெயரில் ஒன்று கிடைக்கும். அதை எடுத்தால் எழுத்துகள் அந்தந்த இடத்தில் இருக்கும், ஆனால் தமிழ்99இன் உயிரான விதிகள் வேலை செய்யாது: உயிர் தட்டினால் மெய்யோடு சேராது, தானாகப் புள்ளி விழாது. 'தமிழ்99 லினக்ஸில் சரியில்லை' என்ற பேச்சு இதனால் வந்தது.

சரியான வழி இது. சினாப்டிக் பேக்கேஜ் மேனேஜரைத் திறந்து ஐபஸ்-எம்17என் என்ற தட்டச்சுத் தொகுப்பைத் தேடி நிறுவுங்கள். பிறகு 'இன்புட் மெத்தட்' அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். வெளியேறி மீண்டும் நுழையுங்கள், இந்தப் படியை விட்டால் எதுவும் நடக்காது. ஐபஸ் விருப்பங்களில் தமிழைச் சேர்க்கும்போது தமிழ்99, ஒலியியல், தட்டச்சுமுறை எல்லாம் வரிசையாக வரும். சூப்பர் விசையும் (விண்டோஸ் சின்னமுள்ளது) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க 'சிங்கப்பூர்' என்று அடியுங்கள். ச, இ, ங, க, ப, ப, ஊ, ர, புள்ளி. ஒன்பது தட்டல். ங-வை அடுத்து க வந்ததும் ங்-க்குப் புள்ளி தானாக விழ வேண்டும். இரண்டாவது ப வந்ததும் முதல் ப்-க்கும் அப்படியே. இரண்டும் நடந்தால் எல்லாம் சரி. புள்ளி விசை இடக்கையின் ஆள்காட்டி விரல் ஓய்ந்திருக்கும் எஃப் விசையில் இருக்கிறது. உயிர் இடப்பக்கம், அடிக்கடி வரும் மெய் வலப்பக்கம் என்பதால் இரண்டு கையும் மாறி மாறி நடக்கும். இரண்டு வாரம் பழகினால் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பதைவிட வேகம் கூடும்.

கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நம் நா. கோவிந்தசாமி போன்றோர் தமிழ்க் கணிமைக்காக உழைத்து, 1997இல் தமிழிணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. 1999இல் சென்னை மாநாட்டில் தமிழ்99 தரமானது. இந்த விசைப்பலகைக்கும் சிங்கப்பூருக்கும் உள்ள உறவு நெருக்கமானது. நம் பிள்ளைகள் அதை ஏதோ வெளிநாட்டு நிறுவனம் கொடுத்த வசதி என்று எண்ணக் கூடாது.

லிப்ரெஆபிஸில் ஒரு சிக்கல் எல்லோருக்கும் வரும். எழுத்துருவையோ அளவையோ மாற்றினால் ஆங்கிலம் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். காரணம், தமிழ் 'சிக்கலான எழுத்தமைப்பு' என்ற தனி வகுப்பில் வருகிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிகள் பகுதிக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பெட்டியைக் குறித்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு எழுத்து வடிவமைப்புப் பெட்டியில் அதற்கென்று தனிப் பகுதி தோன்றும். நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழ் எழுத்துருவை அங்கே நிலையாக வைத்துவிடுங்கள்.

கைப்பேசியிலும் விசைப்பலகையைக் கவனியுங்கள். நாம் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. ஹெலிபோர்டு என்ற கட்டற்ற விசைப்பலகைக்கு இணைய அனுமதியே கிடையாது. அனுப்ப நினைத்தாலும் அதனால் முடியாது. தமிழும் அதில் இருக்கிறது.

உலாவியும் கடவுச்சொல்லும்

ஃபயர்பாக்ஸில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் ஒன்று போதும், பத்து நீட்சிகளை அடுக்காதீர்கள். சிங்பாஸ் நுழைவு லினக்ஸில் தடையில்லாமல் நடக்கும்: திரையில் வரும் கியூஆர் குறியைக் கைப்பேசியில் வருடினால் முடிந்தது. ஏதாவது அரசாங்கப் படிவம் பாதியில் நின்றால், அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை அணையுங்கள். யூபிளாக்கின் தடுப்பைக் கருவிப்பட்டையிலுள்ள அதன் குறியிலும், ஃபயர்பாக்ஸின் சொந்தத் தடுப்பை முகவரிப் பட்டையின் கேடயக் குறியிலும் அணைக்கலாம். அரசாங்கத்திடமுள்ள நம் விவரங்களைத் தானாக நிரப்பும் மைஇன்ஃபோ வழியாகப் படிவம் நிரப்பும்போது எந்தெந்த விவரம் போகப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். ஒரு கடை உறுப்பினர் அட்டைக்கு வருமானமும் குடும்ப விவரமும் எதற்கு? கையால் நிரப்பும் வழி இருந்தால் அதையே எடுங்கள். அடையாள அட்டை எண்ணையும் அப்படித்தான். 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கேட்காத இடத்தில் நிறுவனங்கள் அதை வாங்கி வைக்கக் கூடாது என்ற வழிகாட்டி இருக்கிறது. அதிர்ஷ்டக் குலுக்கலுக்குக் கேட்டால் மரியாதையாக மறுக்கலாம். அந்த எண்ணையே கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்கள் இன்றே மாற்றுங்கள். அது உங்கள் பெயரைப் போல, பத்து இடத்தில் பலருக்குத் தெரிந்த ஒன்று.

கடவுச்சொற்களைச் சேமிக்க கீபாஸ்எக்ஸ்சி செயலி. எல்லாம் ஒரே மறையாக்கிய கோப்பில், உங்கள் டிஸ்க்கிலேயே இருக்கும். அந்தக் கோப்பைக் கைப்பேசிக்குக் கொண்டுபோக, கருவிகளை ஒத்திசைக்கும் சிங்க்திங். இரு கருவியும் வீட்டு வைஃபையில் நேராகப் பேசிக்கொள்ளும், நடுவே மேகக் கணக்கு இல்லை. இரண்டிலும் ஒரே சமயத்தில் திருத்தினால் 'சிங்க்-கான்ஃபிளிக்ட்' என்ற பெயரோடு இரண்டாவது கோப்பு பிறக்கும். அதை அழித்துவிடாதீர்கள், புதிதாகச் சேர்த்த கடவுச்சொல் அதில் இருக்கக்கூடும். கீபாஸ்எக்ஸ்சியின் டேட்டாபேஸ் பட்டியலில் உள்ள மெர்ஜ் வழியாக இரண்டையும் இணைத்த பிறகே அழியுங்கள்.

கைப்பேசிக்கு வேலி

மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதுமா என்பதற்கு நம் ஊரிலேயே பாடம் இருக்கிறது. 2020 மார்ச்சில் கோவிட் தொடர்புத் தடமறியும் அரசாங்கச் செயலியான டிரேஸ்டுகெதர் வந்தது. அடுத்த மாதமே அதன் அடிப்படை நிரல் ஓப்பன்டிரேஸ் என்ற பெயரில் ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியானது. அவ்வாண்டு ஜூனில், செயலியின் அதே வேலையைச் செய்யும் டோக்கன் என்ற சிறு கருவியைத் திறந்து பார்க்க பன்னி ஹுவாங், ஹரிஷ் பிள்ளை உள்ளிட்ட வெளி வல்லுநர்களை அழைத்தார்கள். கருவிக்குள் ஒளிவுமறைவு இல்லை என்பதை அப்படித்தான் உறுதிசெய்ய முடிந்தது. பாராட்ட வேண்டிய செயல். ஆனால் 2021 ஜனவரியில், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்கீழ் காவல்துறை அந்தத் தரவைப் பெற முடியும் என்று நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. மக்கள் கேள்வி எழுப்பினார்கள். பிப்ரவரியில் அதை ஏழு வகைக் கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் வரம்பிட்டது. கையிலுள்ள கருவி என்ன செய்கிறது என்பதை நிரல் சொல்லும். சேர்வருக்குப் போய்ச் சேர்ந்த தரவை யார் தொடலாம் என்பதைச் சட்டமே தீர்மானிக்கும். அதனால் தேவையில்லாத தரவு கருவியை விட்டு வெளியேறாமல் பார்த்துக்கொள்வதே முதல் வேலை.

இப்போது வேலி. வீட்டிலுள்ள கைப்பேசிகளில் புதியது, தயாரிப்பாளரிடமிருந்து இன்னும் பாதுகாப்புத் திருத்தம் பெறுவது, வங்கிக்கு. பழையதை வங்கிக்கு ஒதுக்கிவிட்டுப் புதியதில் விளையாடலாம் என்று தோன்றும். திருத்தம் நின்றுபோன கருவியில் பணத்தை வைப்பது ஆபத்து. அந்த வங்கிக் கைப்பேசியில் சிங்பாஸ், வங்கி, பேநவ், அரசாங்கச் செயலிகள், சிம் அட்டை. இருப்பிட அனுமதி 'பயன்படுத்தும்போது மட்டும்'. விளையாட்டு, சமூக ஊடகம், கடைகளின் செயலி எதுவும் வேண்டாம்.

இதைப் பிரித்து வைக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் தொடங்கி இங்குள்ள வங்கிகளின் ஆண்ட்ராய்டு செயலிகள், அதிகாரப்பூர்வக் கடைக்கு வெளியே நிறுவி, திரையைப் படித்து இயக்க விடும் அக்சஸிபிலிட்டி போன்ற அனுமதி பெற்ற செயலிகளைக் கண்டால் திறக்க மறுக்கின்றன. 2024 பிப்ரவரியில் கூகள் பிளே புரொடெக்ட், உலகிலேயே முதலில் சிங்கப்பூரில், இன்னொரு தடையைக் கொண்டுவந்தது. குறுஞ்செய்தி, அறிவிப்பு, அக்சஸிபிலிட்டி அனுமதி கேட்கும் செயலியை உலாவி, அரட்டைச் செயலி, கோப்பு மேலாளர் வழியாக இறக்கினால் நிறுவ விடாது. போலிச் செயலியால் சேமிப்பை முழுதாக இழந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அந்தக் கவலை உண்மையானது. ஆனால் அதற்கான விலையைக் கட்டற்ற செயலிகளும் சேர்ந்து கட்டுகின்றன. கட்டற்ற செயலிகளின் கடையான எஃப்-டிராய்டிலிருந்து, கைப்பேசியைக் கணினியோடு இணைக்கும் கேடிஇ கனெக்டைப் போட்டு அறிவிப்பு அனுமதி கொடுத்த மறுநாள் வங்கிச் செயலி பூட்டிக்கொண்டால் காரணம் இதுவாக இருக்கலாம். அனுமதியை ரத்து செய்து பாருங்கள், இல்லையேல் அதை இரண்டாவது கைப்பேசிக்கு மாற்றுங்கள்.

இரண்டாவது கைப்பேசிக்கு ஆண்ட்ராய்டை அடிப்படையாகக் கொண்ட லீனியேஜ்ஓஎஸ் என்ற இயங்குதளத்தைப் போடலாம். முதலில் அதன் தளத்தில் உங்கள் மாடலின் எண் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்து எண் மாறினால் அது வேறு கருவி, தவறான கோப்பை ஏற்றினால் எழாமலே போகலாம். இயங்குதளத்தைத் துவக்கும் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறந்ததும் உள்ளிருப்பது முழுதும் அழியும். சில தயாரிப்பாளர்கள் திறக்கவே விடுவதில்லை. கூகளின் பிக்சல் கைப்பேசி வைத்திருப்பவர்களுக்கு அதே போன்ற கிராஃபீன்ஓஎஸ் இன்னும் நல்லது, நிறுவிய பிறகு பூட்லோடரை மீண்டும் பூட்டலாம். இரண்டிலுமே வங்கிச் செயலி ஓடும் என்று நம்பி இறங்காதீர்கள். கூகளின் சான்றைக் கேட்கும் செயலிகள் நின்றுவிடும். அதற்குத்தான் முதல் கைப்பேசி.

உள்ளே எஃப்-டிராய்டு. வரைபடத்துக்கு ஆஸ்மஆண்ட், பாட்காஸ்டுக்கு ஆன்டெனாபாட், இருபடிச் சரிபார்ப்புக் குறியீட்டுக்கு ஏஜிஸ், கடவுச்சொல்லுக்கு கீபாஸ்டிஎக்ஸ். பேருந்துத் தடங்களுக்கு உலாவியிலேயே பஸ்ரூட்டர் எஸ்ஜி தளம் போதும், தனிச் செயலி வேண்டாம். அரட்டைக்கு சிக்னல். குடும்பக் குழு வாட்ஸ்அப்பில் இருக்கிறதே என்றால், அது இருக்கட்டும். நெருங்கிய நாலைந்து பேரோடு சிக்னலில் தொடங்குங்கள்.

2026 செப்டம்பரை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அடையாளம் சரிபார்க்கப்பட்ட நிரலாளர்களின் செயலிகளை மட்டுமே கூகள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவ முடியும் என்ற விதியை, பிரேசில், இந்தோனேசியா, தாய்லாந்தோடு சிங்கப்பூரில் அப்போது முதலில் நடைமுறைப்படுத்துவதாக கூகள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. எதிர்ப்பு வந்ததும், அனுபவமுள்ளவர்களுக்கு ஒரு மாற்று வழி தருவதாகவும் சொன்னது. கூகள் சான்று இல்லாத லீனியேஜும் கிராஃபீனும் இந்த விதிக்குள் வராது. அதனால் பழைய கைப்பேசியை மாற்றியமைக்க நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் செய்வது நல்லது.

கடைசியாக, வரிசையைக் கவனியுங்கள். பரிவர்த்தனையை உறுதிசெய்யும் வங்கியின் டிஜிட்டல் டோக்கன் பொதுவாக ஒரே கருவியில்தான் உயிரோடு இருக்கும். பழைய கைப்பேசியின் பூட்லோடரைத் தொடுவதற்கு முன், புதியதில் சிங்பாஸையும் டோக்கனையும் இயக்கி, ஒரு வெள்ளி பேநவ்வில் அனுப்பிப் பாருங்கள். அது போய்ச் சேர்ந்த பிறகு, ஏஜிஸில் உள்ள குறியீடுகளை மறையாக்கிய கோப்பாக லேப்டாப்புக்கு ஏற்றுமதி செய்யுங்கள். பிறகுதான் பழையதை அழிக்க வேண்டும். இந்த வரிசை புரண்டால் வங்கிக் கிளையில் அரை நாள் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.